யார் கையில் ரிசர்வ்?

பழைய பைக்குகளில் பெட்ரோல் டேங்குக்கு அடியில் ஒரு சின்னத் திருகு இருக்கும். வண்டி நடுவழியில் இருமி நின்றால், குனிந்து அதை ‘ரிசர்வ்’ பக்கம் திருப்பி, ஒரு உதை உதைத்தால் போதும். அடுத்த பங்க் வரை கவலையில்லை. அந்த மிச்ச எண்ணெயைக் கம்பெனிக்காரன் கொடுத்த இனாம் என்று யாரும் நினைத்ததில்லை. நம் காசில் ஊற்றியது, டேங்கின் அடியில் கிடந்தது, திருகும் நம் கைக்கு எட்டியது. மின்சார காரிலும் இப்படி ஒரு ரிசர்வ் உண்டு. அதன் திருகு மட்டும் வண்டியில் இல்லை. அது மென்பொருளாக மாறி, காரைத் தயாரித்தவரின் கைக்குப் போய்விட்டது. அவர் எப்போதாவது அதைக் கொஞ்சம் திருப்பிவிடுகிறார். மறுநாள், “அப்டேட் வந்தது, ரேஞ்ச் கூடிவிட்டது” என்று உரிமையாளர்கள் மகிழ்கிறார்கள்.

இதற்கு நன்கு அறியப்பட்ட உதாரணம் ஜாகுவார் ஐ-பேஸ். டாடா குழுமத்துக்குச் சொந்தமான பிரிட்டிஷ் நிறுவனம் ஜாகுவார் 2018-ல் வெளியிட்ட முதல் மின்சார கார் அது. 2019-ல் உலகின் சிறந்த கார் விருதையும் வாங்கியது. அந்த ஆண்டு டிசம்பரில், ஏற்கெனவே கார் வாங்கியவர்களுக்கு நிறுவனம் ஒரு அறிவிப்பு செய்தது: காரை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுவந்தால் புதிய மென்பொருளை இலவசமாக ஏற்றித் தருகிறோம், அதன்பின் ஒரு முழு சார்ஜில் 20 கிலோமீட்டர் வரை கூடுதலாக ஓடும். பேட்டரியை மாற்றவில்லை, மோட்டாரைத் தொடவில்லை, ஒரு நட்டைக்கூடக் கழற்றவில்லை. ஐரோப்பியச் சோதனை முறைப்படி அந்தக் காருக்கு அச்சிடப்பட்ட 470 கிலோமீட்டர் என்ற எண்ணும் மாறவில்லை. சாலையில் கிடைக்கும் தூரம் மட்டும் கூடும் என்றார்கள். கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டியது போன்ற இந்த 20 கிலோமீட்டர் உண்மையில் எங்கிருந்து வந்தது?

ஒரு பகுதி, வீணாகிக்கொண்டிருந்ததை மிச்சம் பிடித்ததால் வந்தது. ஐ-பேஸில் முன்சக்கரங்களுக்கு ஒன்று, பின்சக்கரங்களுக்கு ஒன்று என இரண்டு மோட்டார்கள். சமதளத்தில் நிதானமாகப் போகும்போது தேவைப்படும் இழுவை மிகக் குறைவு. இரண்டு மாடுகளும் அரைகுறையாக இழுப்பதைவிட, எந்த வேகத்தில் எது எவ்வளவு இழுத்தால் மின்சாரம் குறைவாகச் செலவாகும் என்று கணக்குப் பார்த்துப் பங்கிடுவது லாபம். புதிய மென்பொருள் ‘ஈகோ’ முறையில் அந்தப் பங்கீட்டைத் திருத்தியது. இன்னொன்று காரின் மூக்கில் இருக்கிறது. முன்பக்க வலைக்குப் பின்னால், ஜன்னல் பிளைண்டு போலப் படுக்கைவாட்டில் சில பட்டைகள். பேட்டரியோ ஏசியோ சூடானால் அவை திறந்து காற்றை உள்ளே விடும், மற்ற நேரத்தில் மூடிக்கொள்ளும். திறந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் காற்று உள்ளே புகுந்து காரைப் பின்னுக்குத் தள்ளும். மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 100-க்கு ஏறினாலே காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும் என்பதால், நெடுஞ்சாலையில் இந்தப் பட்டைகள் எப்போது மூடுகின்றன என்பது சின்ன விஷயமில்லை. அப்டேட்டுக்குப் பிறகு அவை அதிக நேரம் மூடியே இருந்தன. மூன்றாவதாக, பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும் வேலை. பேட்டரி நிறைந்திருக்கும்போது திரும்பி வருவதை வாங்கிக்கொள்ள இடம் இருக்காது; அந்த ஆற்றல் பிரேக் தட்டில் வெப்பமாகப் போய்விடும். நிறைந்த நிலையிலும் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக வாங்கிக்கொள்ளும்படி அதையும் சரிசெய்தார்கள். இந்தப் பாடங்களை, ஐ-பேஸ் கார்களை மட்டும் வைத்து நடந்த ஈ-டிராஃபி பந்தயங்களிலிருந்தும், உரிமையாளர்கள் ஓட்டிய பயணங்களின் தரவிலிருந்தும் கற்றதாக நிறுவனம் சொன்னது. இதுவரை உள்ளது நேர்மையான பொறியியல் உழைப்பு, பாராட்ட வேண்டியதுதான்.

அந்த அறிவிப்பில் நான்காவதாக ஒரு வரியும் இருந்தது. பேட்டரி முன்பைவிடக் கீழ்மட்டம் வரை இறங்கி ஓட இனி அனுமதிக்கப்படும், அதனால் அதன் ஆயுளுக்குக் குறைவு வராது என்பது அந்த வரி. இதுதான் ரிசர்வ் திருகு. ஐ-பேஸின் பேட்டரியில் 432 செல்கள். மொத்தக் கொள்ளளவு 90 யூனிட், அதாவது வீட்டு மின்கட்டண ரசீதில் வரும் அதே யூனிட். அவ்வளவையும் ஓட்டுபவர் செலவழிக்க முடியாது. இந்த வகை லித்தியம் செல் முழுதாக நிறையும்போது ஏறக்குறைய 4.2 வோல்ட் காட்டும். அதற்கு மேல் திணித்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படியத் தொடங்கும், செல் கெடும், சில சமயம் தீயே பிடிக்கும். ரொம்பவும் வடியவிட்டாலும் உள்ளிருக்கும் செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். ஆகவே மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, நடுவில் உள்ளதை மட்டும் ‘பூஜ்யம் முதல் நூறு சதவீதம்’ என்று திரையில் காட்டுகிறார்கள். திரையில் தெரியும் பூஜ்யம் பேட்டரியின் பூஜ்யமன்று. அது தயாரிப்பாளர் கிழித்த கோடு.

அந்தக் கோட்டைத் துல்லியமாகக் கிழிப்பது எளிதில்லை. பெட்ரோல் டேங்கில் ஒரு மிதவையைப் போட்டால் எண்ணெய் எவ்வளவு என்று அது சொல்லிவிடும்; பேட்டரிக்குள் மிதக்கவிட எதுவும் கிடையாது. உள்ளே போன மின்சாரத்தையும் வெளியே வந்ததையும் நொடிக்கு நொடி குறித்துவைத்து, கணக்குப்பிள்ளை இருப்பைச் சொல்வதுபோலத்தான் மென்பொருள் மதிப்பிடுகிறது. சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். வண்டி ஓய்ந்து நிற்கும்போது செல்லின் வோல்டேஜைப் பார்த்துக் கணக்கை நேர்செய்ய வேண்டும். டாடா நெக்ஸான் போன்ற கார்களில் வரும் இரும்பு-பாஸ்பேட் செல்களில் இதுவும் தலைவலி. பாதி நிறைந்திருந்தாலும் முக்கால் நிறைந்திருந்தாலும் அவற்றின் வோல்டேஜ் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். கணக்கில் இத்தனை நிச்சயமின்மை இருக்கும்போது, புது மாடலை முதன்முதலில் விற்பவர் கோட்டைக் கொஞ்சம் தாராளமாகவே உள்ளே தள்ளிக் கிழிப்பார். இரண்டு வருடம் ஆயிரக்கணக்கான கார்கள் ஓடி, செல்கள் எதிர்பார்த்தபடி உழைக்கின்றன என்று தெரிந்தபின், கோட்டைச் சற்று வெளியே நகர்த்துவார். ஆடி நிறுவனமும் இதையே செய்தது. அதன் ஈ-ட்ரான் காரின் பேட்டரி 95 யூனிட். 2020 இறுதியில், ஏற்கெனவே விற்ற கார்களுக்கும் இலவச மென்பொருள் தந்து, பயன்படுத்தக்கூடிய அளவை 86 யூனிட்டுக்கு உயர்த்தி, 20 கிலோமீட்டர் வரை ரேஞ்ச் கூட்டியது.

காய்கறிக்காரர் கடைசியில் கையள்ளிப் போடும் கறிவேப்பிலைக்குக் கொசுறு என்று பெயர். அது அவருடைய பொருள், அவர் மனசு. அப்டேட்டில் வரும் கிலோமீட்டர்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துப் பேசுவதுதான் எனக்கு உறுத்துகிறது. மோட்டார் பங்கீடும் காற்றுப்பட்டையும் ஒருவகையில் கொசுறு எனலாம். விற்றபின் செய்த புது உழைப்பு அது. பேட்டரியின் கோட்டை நகர்த்திக் கிடைக்கும் தூரம் அந்த வகையில் வராது. அந்தச் செல்களுக்கு உரிமையாளர் முதல்நாளே விலை கொடுத்துவிட்டார். அவற்றின் எடையையும் தினமும் சுமந்துகொண்டு ஓட்டினார். அவருக்கு வந்திருப்பது சொந்தப் பொருளின் ஒரு பகுதி. இந்த வேறுபாட்டை வற்புறுத்தக் காரணம், கோட்டை வெளியே நகர்த்தும் கைதான் உள்ளேயும் நகர்த்தும். கொசுறு என்று நினைப்பவர், அதைத் திரும்ப எடுத்துக்கொண்டால் வாய் திறக்க மாட்டார்.

திரும்ப எடுப்பது வெறும் பயமில்லை, நடந்திருக்கிறது. 2019 வசந்தத்தில் ஷாங்காயிலும் ஹாங்காங்கிலும் நின்றுகொண்டிருந்த டெஸ்லா கார்கள் தீப்பிடித்தன. அதையடுத்து டெஸ்லா பழைய மாடல் எஸ் கார்கள் சிலவற்றுக்குக் காற்றுவழியே ஒரு அப்டேட் அனுப்பி, சார்ஜின் உச்ச வோல்டேஜைக் குறைத்தது. காலையில் எழுந்து பார்த்தவர்களுக்கு ரேஞ்ச் குறைந்திருந்தது. வழக்கு போட்டார்கள். சுமார் 3 மாதம் 10 சதவீதமும், பின் 7 மாதம் 7 சதவீதமும் வோல்டேஜ் குறைக்கப்பட்டதாக நீதிமன்ற ஆவணங்கள் கூறின. 2020 மார்ச்சில் வந்த இன்னொரு அப்டேட் அதைத் திருத்தத் தொடங்கியது. 2021-ல் 1,743 கார்களுக்குத் தலா 625 டாலர் என்று சமரசம் ஆயிற்று. நம் ஐ-பேஸின் கதையும் இப்படியே திரும்பியது. 2024-ல் அமெரிக்காவில் 2019 மாடல் ஐ-பேஸ் 2,760 கார்கள் தீ அபாயத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. முந்தைய அழைப்பின்போது கண்காணிப்பு மென்பொருள் ஏற்றிய கார்களிலும் தீப்பிடித்திருந்தது. இடைக்கால மருந்தாக, இனி 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறாதபடி மென்பொருளால் பூட்டுப் போட்டார்கள். காரை வெளியிலேயே நிறுத்துங்கள் என்றும் சொன்னார்கள். அமெரிக்கக் கணக்கில் அந்தக் காரின் ரேஞ்ச் 234 மைல், அதாவது சுமார் 377 கிலோமீட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு என்றால் 75 கிலோமீட்டர். 2019-ல் 20 கிலோமீட்டரைக் கூட்டிய அதே மாடலுக்கு, ஐந்து ஆண்டு கழித்து அதைப்போல் மூன்றரை மடங்குக்கு மேல் குறைத்தார்கள். இரண்டுக்கும் கருவி ஒன்றே.

தீப்பிடித்து எரிவதைவிட ரேஞ்ச் குறைவது மேல் அல்லவா என்று கேட்கலாம். சந்தேகமே வேண்டாம், மேல்தான். ஒருவர் வீட்டுக் கூரையின்கீழ் நிற்கும் கார் அது. தாமதிக்காமல் பூட்டுப் போட்டதைக் குறைசொல்ல முடியாது. பூட்டுப் போட்டதோடு கணக்கு முடிந்ததா என்பதுதான் தகராறு. செவ்ரோலே போல்ட் காரில் இதே வகைத் தீ ஆபத்து வந்தபோது, ஜெனரல் மோட்டார்ஸ் 2020 நவம்பரில் முதலில் 90 சதவீதத்தில் மென்பொருள் பூட்டுதான் போட்டது. ஆனால் 2021-ல், அதுவரை விற்ற எல்லா போல்ட் கார்களையும் திரும்ப அழைத்து, பேட்டரி மாட்யூல்களை மாற்றத் தொடங்கியது. சுமார் 200 கோடி டாலர் செலவு. அதில் 190 கோடி வரை செல் தயாரித்த எல்ஜி ஏற்றுக்கொண்டது. பழுதான பொருளுக்குச் சரியான பொருளைக் கொடுப்பது எவ்வளவு செலவாகும் என்பதற்கு அது ஒரு கணக்கு. மென்பொருள் பூட்டுக்கு அப்படிச் செலவில்லை. அதனாலேயே, தற்காலிகம் என்று சொல்லிப் போட்ட பூட்டு நிரந்தரமாகிவிடும் ஆசை எந்த நிறுவனத்துக்கும் வரும். ஆசையைத் தடுக்க ஒரே வழி, குறைத்த ஒவ்வொரு யூனிட்டும் எழுத்தில் இருப்பது.

இதைவிடச் சிக்கலானது இன்னொரு வாதம்: குறைந்த விலைக்கு வாங்கியவருக்குக் குறைந்த ரேஞ்ச், அதில் என்ன தவறு? டெஸ்லா ஒருகாலத்தில் மாடல் எஸ் 60 என்று விற்ற காரில் இருந்தது 75 யூனிட் பேட்டரி; 15 யூனிட்டை மென்பொருள் பூட்டி வைத்திருந்தது. பணம் கட்டினால் பூட்டு திறக்கும். 2017 செப்டம்பரில் இர்மா புயலுக்குப் பயந்து ஃப்ளோரிடா மக்கள் வடக்கே ஓடியபோது, நிறுவனம் அந்தப் பூட்டைத் தற்காலிகமாகத் திறந்துவிட்டது. சுமார் 50 கிலோமீட்டர் கூடுதலாகக் கிடைத்தது. புயல் அடங்கியதும் மீண்டும் பூட்டியது. அதைக் கருணை என்று சிலர் புகழ்ந்தார்கள். தூரத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு விரல் அசைவில் இதெல்லாம் முடிகிறதே என்று சிலர் மிரண்டார்கள். நம் பக்கத்திலும் இது நடந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் தயாராகும் ஓலா ஸ்கூட்டர்களில், 2021 ஆகஸ்டில் எஸ்1 ரூ.99,999-க்கும் எஸ்1 ப்ரோ ரூ.1,29,999-க்கும் அறிவிக்கப்பட்டன, முன்னதற்கு 121 கிலோமீட்டர், பின்னதற்கு 181. 2022 ஜனவரியில், எஸ்1-க்குப் பதிவு செய்தவர்களுக்கும் ப்ரோவின் பாகங்களோடே வண்டி வரும், கூடுதல் பணம் கட்டினால் ப்ரோவாகத் திறந்துகொள்ளலாம் என்று நிறுவனம் அறிவித்தது.

இதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். 60 யூனிட் வேண்டும் என்று 60 யூனிட்டுக்கான விலை கொடுத்தவருக்கு 60 கிடைத்தது. அதோடு ஒரு நன்மையும் உண்டு: பூட்டிய பேட்டரியைத் திரையில் 100 சதவீதம் வரை நிரப்பினாலும் செல்கள் உண்மையில் உச்சத்தைத் தொடாததால், தேய்மானம் குறைவு. மறுபக்கம், பயன்படாத 15 யூனிட் என்பது ஏறக்குறைய ஒரு பருமனான ஆளின் எடை. அவரை வாழ்நாள் முழுக்கப் பின்சீட்டில் உட்காரவைத்து ஓட்டுவதற்கு ஆகும் மின்சாரம் உரிமையாளர் பொறுப்பு. இந்த நன்மை தீமைகளை வாங்குபவர் எடைபோட வேண்டுமானால், உள்ளே 75 இருக்கிறது, 60 திறந்திருக்கிறது என்ற இரண்டு எண்களும் விலைப்பட்டியலிலேயே இருந்தாக வேண்டும். அரிசி மூட்டையில் மொத்த எடை, நிகர எடை என்று இரண்டையும் அச்சிடுகிறோமே, அதைவிடப் பெரிய கோரிக்கை இல்லை இது.

“எண்களைச் சொன்னால் மக்கள் குழம்புவார்கள், கார் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதுதான் அவர்களுக்கு வேண்டும்” என்ற பதிலும் தொழில்துறையில் கேட்கிறது. கிலோமீட்டர்தான் குழப்பும் எண். நெக்ஸான் மின்சார கார் முதலில் வந்தபோது இந்தியச் சோதனை முறைப்படி 312 கிலோமீட்டர் என்று சொன்னார்கள். சாலையில் 200-ஐ ஒட்டித்தான் பலருக்குக் கிடைத்தது. வேகம், ஏசி, மேடு பள்ளம், டயர்க் காற்று எல்லாம் கிலோமீட்டரை மாற்றிவிடும். அப்டேட்டுக்குப் பிறகு திரையில் ரேஞ்ச் கூடித் தெரிந்தால், அது மூன்றில் ஒன்றாக இருக்கலாம்: கார் உண்மையிலேயே சிக்கனமாகியிருக்கலாம், ரிசர்வைத் திறந்திருக்கலாம், அல்லது மதிப்பிடும் சூத்திரத்தை மட்டும் மாற்றியிருக்கலாம். ஐ-பேஸ் அப்டேட்டிலேயே மீதித் தூரத்தை மதிப்பிடும் கணக்கும் திருத்தப்பட்டது. கிலோமீட்டரை மட்டும் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். யூனிட்டைப் பார்த்தால் பிரித்துவிடலாம். இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. பேட்டரி வருடத்துக்கு வருடம் தேயும்போது, ஒதுக்கிவைத்த ரிசர்விலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டால், தேய்மானமே தெரியாதபடி மறைக்கவும் முடியும். பழைய கார் வாங்குபவர் அப்போது, அடிப்பக்கம் சுரண்டித் தீர்ந்த பானையை நிறைந்ததென்று நினைத்து வாங்குவார்.

சட்டம் மெதுவாக இந்தப் பக்கம் வருகிறது. 2022-ல் ஐ.நா.வின் வாகன விதிகள் மன்றம் ஒரு அளவுகோல் வகுத்தது: 5 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் வரை, சான்றளித்த கொள்ளளவில் 80 சதவீதமும், 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் வரை 70 சதவீதமும் மிஞ்ச வேண்டும். ஐரோப்பாவின் யூரோ 7 வாகன விதிகளிலும் இதுபோன்ற அளவுகோல் சேர்ந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஆகஸ்ட் 18 முதல், பேட்டரியின் உடல்நிலைத் தரவை அதன் உரிமையாளர் படித்துப் பார்க்க வழி செய்திருக்க வேண்டும். 2027 பிப்ரவரி 18 முதல் ஒவ்வொரு மின்சார கார் பேட்டரிக்கும் டிஜிட்டல் பாஸ்போர்ட் கட்டாயம். நல்ல தொடக்கம். ஆனால் 80 சதவீதம் என்ற அளவு, பயன்படுத்தக்கூடிய கொள்ளளவை வைத்துத்தான் போடப்படுகிறது. மறைத்து வைத்த ரிசர்வைத் திறந்தே ஒரு நிறுவனம் அந்தத் தேர்வில் தேறிவிடலாம் என்பதால், கோடு எங்கே இருந்தது, எப்போது நகர்ந்தது என்ற வரலாறும் அந்தப் பாஸ்போர்ட்டில் ஏறினால்தான் முழுப்பயன்.

இந்தியாவில் மின்சார கார் பேட்டரிக்கு 8 ஆண்டு, 1.6 லட்சம் கிலோமீட்டர் உத்தரவாதம் என்பது இப்போது விளம்பரங்களில் பழகிய வாசகம். மென்பொருளால் நன்மை செய்த முன்மாதிரியும் இங்கே உண்டு: 2022 ஜூலையில் நெக்ஸான் பிரைம் வந்தபோது, பிரேக்கில் மின்சாரம் மீட்கும் அளவை ஓட்டுபவரே கூட்டிக் குறைக்கும் வசதியை, முன்பே வாங்கிய 22,000-க்கும் மேற்பட்டவர்களுக்கும் டாடா இலவசமாகத் தந்தது. வேண்டிய அளவை ஓட்டுபவரே வைத்துக்கொள்ளலாம் என்பதால், திருகைக் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்திய அப்டேட் அது. ஷோரூமில் கேட்க வேண்டிய கேள்விகள் சில உள்ளன. பேட்டரியில் மொத்தம் எத்தனை யூனிட், எனக்குத் திறந்திருப்பது எத்தனை? உத்தரவாதம் எந்த எண்ணுக்கு? அப்டேட்டில் ரேஞ்ச் கூடினாலும் குறைந்தாலும் யூனிட்டில் எழுதித் தருவீர்களா? விற்பனையாளர் திருதிருவென்று விழிக்கக்கூடும், பரவாயில்லை.

இந்த எண்கள் எழுத்தில் வரும்வரை வீட்டு மீட்டரே துணை. சார்ஜருக்குத் தனி மீட்டர் இருந்தால், 20 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற எத்தனை யூனிட் ஓடியது என்று ஒரு நோட்டில் குறித்து வைக்கலாம். 40 யூனிட் பேட்டரி என்றால் அந்த 60 சதவீதத்துக்கு 24 யூனிட். சார்ஜ் ஏறும்போது வெப்பமாகப் போவதையும் சேர்த்தால் மீட்டரில் 26, 27 ஓடும். அப்டேட் போடுவதற்கு முந்தைய வாரம் இரண்டு முறை, போட்டதற்குப் பிந்தைய வாரம் இரண்டு முறை, ஏறக்குறைய ஒரே வெயிலில் பார்த்தால் போதும். திரையில் கிலோமீட்டர் கூடி, மீட்டரிலும் யூனிட் கூடியிருந்தால், ரிசர்வ் திறந்திருக்கிறது. கிலோமீட்டர் கூடி யூனிட் மாறாமல் இருந்தால், ஒன்று கார் சிக்கனமாகியிருக்கிறது, இல்லையென்றால் திரை மட்டும் பேச்சை மாற்றியிருக்கிறது. வழக்கமாகப் போகும் சாலையில் ஒரு வாரம் ஓட்டினால் எது என்று தெரிந்துவிடும்.